அளவுக்கு ஒரு ஆள்

அந்த வருஷம் எங்கள் ஊரில் ஐப்பசி மழை இரண்டே நாளில் கைவிரித்துவிட்டது, பேருந்து நிறுத்தத்து வேப்பமரத்தை வெட்டினார்கள், நாற்பது கல்யாணம் நடந்தது, முறுக்கு வியாபாரத்துக்கென்று வடக்கே போய் ஏழு வருஷமாகத் திரும்பாத சீனிராஜ் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் நடந்து போனார். இந்த நான்கில் எங்களுக்கு அதிக மனத்தாங்கல் வேப்பமரத்தை வெட்டியதில்தான். மழை பொய்ப்பதும் கல்யாணம் நடப்பதும் ஆண்கள் நடந்து போவதும் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ரயில் நிற்காமல் ஓடுகிற எங்கள் ஊருக்கு வழக்கமானவை. நிழலில்லாமல் பஸ்ஸுக்கு நிற்பதுதான் புதுசு.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பேரூராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் அறுபது அடி நீளத்துக்கு ஒரு சுவர் உண்டு. அதில் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று சுவரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள், ஒட்டின மைதாப் பசைக்காக ஆடுகள் வந்து மாப்பிள்ளையை இடுப்புவரைக்கும் தின்றுவிட்டுப் போகும், தின்னாத மிச்சத்தோடு மாப்பிள்ளை சிரித்தபடி நிற்பார். அந்தச் சுவரோரம் போய் ஒதுங்குகிற ஆண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரைந்து வைத்த சுவரில் எவனும் பசை தடவமாட்டான், காலைத் தூக்கவும் மாட்டான் என்று ஒருநாள் பேரூராட்சிச் செயல் அலுவலருக்குத் தோன்றியது. அந்த வாரமே சுவருக்கு வெள்ளையடித்து, சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஆறு பள்ளிகளுக்கு ஓவிய வடிவமைப்புப் போட்டி ஒன்றை அறிவித்துவிட்டார்.

‘எங்கள் ஊருக்கு என்ன வேண்டும்?’ என்பது தலைப்பு. பள்ளிக்குப் பத்தடிச் சுவர். ஊரில் இல்லாத ஒன்றைப் பிள்ளைகளே வடிவமைத்து, சனி ஞாயிறு இரண்டே நாளில் வரைந்து முடிக்கவேண்டும், முடித்தபிறகு போட்டியாளர் யாரும் படத்தில் தூரிகை வைக்கக் கூடாது, வைத்தால் பரிசு கிடையாது. வெயிலிலும் தூசியிலும் மூன்று வாரம் படம் நின்றபிறகுதான் மாவட்டத்திலிருந்து நடுவர்கள் வருவார்கள். மூன்று வாரம் தாங்காத பெயிண்ட்டுக்கு மரியாதை கிடையாது என்பது செயல் அலுவலரின் சொந்தக் கொள்கை. ஒரு பள்ளி பூங்கா வரைந்தது, ஒரு பள்ளி மேம்பாலம் வரைந்தது, ஒரு பள்ளி பத்து மாடி ஆஸ்பத்திரி வரைந்து அதன் வாசலில் ஒரு நோயாளியைக்கூடப் போடாமல் விட்டது. பெண்கள் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள், ஊருக்கு வேண்டியது குழியில்லாத தார்ச்சாலை என்று முடிவு செய்தார்கள்.

அவர்களுக்கு ஓவியம் சொல்லித்தந்த ஜெபக்கனி டீச்சர் பகுதிநேர ஆசிரியை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று அரைநாள் கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோவார். கீழே அகலமாகத் தொடங்கி, மேலே போகப்போக ஒடுங்கி, கடைசியில் ஒரு புள்ளியில் போய் முடியும்படி சாலை போடுவது எப்படி என்று அந்த அரைநாள்களில்தான் அவர் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தார். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து சுவரில் அப்படி ஒரு சாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் புளியமரம் வைத்தார்கள், நடுவில் வெள்ளைக்கோடு இழுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் எட்ட நின்று பார்த்தார்.

“ரோடு எம்புட்டுப் பெருசுன்னு பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? அளவுக்கு ஒரு ஆளைப் போடுங்க,” என்றார்.

கட்டடம் வரைகிறவர்கள், பாலம் வரைகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினால்தான் கட்டடம் கட்டடமாகத் தெரியுமாம். யாராக இருந்தாலும் சரி, ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். மற்ற நான்கு பிள்ளைகளும் மரத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் என்பதால் ஆள் போடுகிற வேலை எட்டாம் வகுப்புச் செண்பகத்துக்கு வந்து சேர்ந்தது. செண்பகம், சீனிராஜின் மகள்.

அவர் வடக்கே போகும்போது அவளுக்கு ஆறு வயசு. முதலில் ஞாயிறுதோறும் போன் வந்தது, பிறகு மாசத்துக்கு ஒன்று வந்தது, பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பொம்பளைக் குரல் இந்தியில் சொன்னது. அந்தக் குரலை நான்கு மாசம் கேட்டபிறகு, அவளுடைய அம்மா முத்துப்பேச்சி கல்யாண ஆல்பத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள், அன்றைக்கு உலை அதில்தான் கொதித்தது. அன்றோடு அவரைப் பற்றி வாய் திறப்பதையும் விட்டுவிட்டாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டால் பதில் சொல்லாமல் அட்டையை நீட்டுவாள். வீட்டில் அப்பா என்ற சொல்லே புழங்காமல் போனதில், செண்பகத்துக்கு அவர் முகம் மெல்ல மெல்ல அழிந்து, கண்ணை மூடினால் ஒரு மீசை மட்டும் வரும், அதுவும் யாருடைய மீசையோ.

ஆனால் முதுகு தெரியும். பால்வாடிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போன பிள்ளை அவள். கேரியரில் உட்கார்கிற பிள்ளைக்கு ஊர், தெரு, வானம் எல்லாம் ஓரத்தில்தான் தெரியும், நேராகத் தெரிவது முதுகுதான். வியர்வை முதலில் எந்த இடத்தில் ஊறும், ஏற்றத்தில் எந்தத் தோள் முதலில் இறங்கும், மனசு சரியில்லாத நாளில் கழுத்து எப்படிக் காலருக்குள் இறங்கிவிடும் என்று அவளுக்கு ஒன்று விடாமல் தெரியும். அன்றைக்கு இரண்டடி உயரத்துக்கு ஒரு ஆளை அவள் போட்டாள். வெளிர்நீலச் சட்டை, முழங்கைவரை மடித்த கை, ஒரு நூல் அளவுக்கு இறங்கின இடது தோள், வலது கையில் பை. பெயிண்ட் காய்வதற்குள், எதிரில் தையல்கடை வைத்திருக்கிற பரமசிவம் அண்ணாச்சி மிஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சீனிராஜும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

“ஏ, இது நம்ம சீனிராஜுல்ல,” என்றார்.

பார்த்த எல்லாரும் ஆமாம் என்றோம். பிள்ளை அப்பாவை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது பார் என்று உச்சுக்கொட்டினோம். செய்த தவறு யார் கண்ணுக்கும் படவில்லை, டீச்சர் கண்ணுக்கும் படவில்லை. நமக்கு முதுகைக் காட்டியபடி, நடக்கிற காலோடு, அவ்வளவு நீளச் சாலையில் ஒரு மனுஷனை இறக்கிவிட்டால் அவர் எந்தப் பக்கம் போவார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவர் இரண்டாவது புளியமரத்தைத் தாண்டியிருந்தார். பரமசிவம் அண்ணாச்சி கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்து பார்த்தார், ஆள் இரண்டு அங்குலம் சிறுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு. பொறுமையாக எதிரே உட்கார்ந்து பார்த்தால் கால் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம், கடிகாரத்தின் சின்ன முள்ளைப் பார்ப்பதுபோல. யாரும் பதறவில்லை. நடக்கிற மாதிரி வரைந்தால் நடக்கத்தானே செய்வார் என்று டீக்கடையில் பேசி முடித்துவிட்டு, அடுத்து வேப்பமரத்தை வெட்டியவர்களைத் திட்டப் போய்விட்டோம்.

புகார் வராமல் இல்லை. பக்கத்துப் பத்தடிக்குச் சொந்தமான பள்ளித் தலைமையாசிரியர், சீனிராஜ் நடக்கிறபோது கிளம்புகிற தூசி எங்கள் பூங்காவில் விழுகிறது, ஊஞ்சல் எல்லாம் மங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். செயல் அலுவலர் விதிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். போட்டியாளர் படத்தைத் தொடக் கூடாது என்று இருந்ததே தவிர, படத்தில் இருக்கிறவர் நடக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. ‘படம் அசைவில் உள்ளது, கண்காணிக்கப்படுகிறது’ என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரத்தில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் முறுக்குப் போட, மிட்டாய் விற்க, கிணறு தோண்ட என்று வடக்கே போவதும், தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் போவதும் வழக்கம். தொழிற்சாலைக்கு நாங்கள் வைத்த பெயர் ஆபீஸ். ஆபீஸ் விட்டு வருகிற வழியில் கையில் தீக்குச்சி மருந்து வாசத்தோடு அவர்கள் சுவர் முன்னால் நின்றார்கள். சிலர் பாஸ்போர்ட் அளவுப் போட்டோவை எடுத்துவந்து, எங்க வீட்டு ஆளையும் போட்டுத் தா தாயி, ஆனா இந்தப் பக்கமாப் பாத்து வார மாதிரி போடு என்று செண்பகத்திடம் கேட்டார்கள். அவளும் நோட்டில் வரைந்து வரைந்து பார்த்தாள். போட்டோவைப் பார்த்து வரைந்த ஆண்கள் போட்டோவில் நிற்பதுபோலவே காதை விறைத்துக்கொண்டு நின்றார்கள், ஒரு எட்டு எடுத்துவைக்கவில்லை.

“கண்ணால பாத்த முதுகாச் சொல்லுங்கக்கா, வரைஞ்சு பாக்குறேன்,” என்றாள் ஒரு பெண்ணிடம்.

“எனக்கு முதுகே தெரியாதும்மா. கல்யாணம் முடிஞ்சு பதினெட்டாம் நாளு போனாக. அன்னைக்கு நான் அழுதுக்கிட்டுக் கதவுக்குப் பின்னால நின்னேன்,” என்றாள்.

வேறு வழியில்லாமல் அவர்கள் சீனிராஜிடமே சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள். சுவரோரம் வாயை வைத்து, அண்ணே, போற வழியில இன்னாரைப் பாத்தா அம்மாவுக்குக் கண் ஆபரேசன் முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க, சின்னவன் பத்தாவது பாஸ்னு சொல்லுங்க, ஒண்ணும் சொல்லவேண்டாம் சும்மா விசாரிச்சேன்னு மட்டும் சொல்லுங்க என்று முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். அவர் கேட்டாரா என்று தெரியாது. கேட்டதுபோல நின்றதில்லை, கேட்காததுபோல வேகம் கூட்டியதும் இல்லை. அந்தச் சுவரில் மூத்திரம் பெய்கிற பழக்கம் எங்கள் ஆண்களிடம் அந்த வாரத்தோடு ஒழிந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

முத்துப்பேச்சி மட்டும் வரவில்லை. சுவர் வழியாகப் போனால் ஆபீஸ் வேன் நிற்கிற இடத்துக்கு ஐந்து நிமிஷம். அவள் கண்மாய்க்கரையைச் சுற்றி இருபது நிமிஷம் நடந்தாள். பரமசிவம் அண்ணாச்சி ஒருநாள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“தங்கச்சி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போம்மா. இப்படியே போனா இன்னும் ஒரு வாரத்துல கடைசிக்குப் போயிருவான்.”

“போன ஆளு மறுபடியும் போறதைப் பாக்கணுமாக்கும். ஒருக்காப் பாத்தது போதும் அண்ணாச்சி,” என்றாள் முத்துப்பேச்சி, துணி அலசுவதை நிறுத்தாமல்.

செண்பகம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சுவருக்கு வந்துவிடுவாள். எதிர்ப்பக்கம் தையல்கடைப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை இருப்பாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை, ஒருநாள் பரமசிவம் அண்ணாச்சியிடம் வாயைத் திறந்து சொல்லவும் செய்தாள்.

“போகவேண்டாம்னு நான் சொல்லல பெரியப்பா. ஒருக்காத் திரும்பிப் பாத்துட்டுப் போகட்டும். எனக்கு மூஞ்சி தெரியணும்.”

அதைக் கேட்டபிறகு பரமசிவம் அண்ணாச்சிக்கு மிஷினில் உட்கார முடியவில்லை. போட்டியாளர்தானே தூரிகை வைக்கக் கூடாது, ஊர்க்காரர்கள் வைக்கலாமே என்று ஒரு வழி கண்டுபிடித்து, கடைப்பலகை எழுதுகிறவரைக் கூட்டிவந்து, சீனிராஜுக்கு முன்னால் சாலையோரம் ஒரு டீக்கடை போடச் சொன்னார். மறுநாள் காலையில் பார்த்தால் படத்தில் பெஞ்சின்மேல் காலி கிளாஸ் இருந்தது, அவர் தாண்டிப் போயிருந்தார். புரோட்டாக் கடை போட்டார்கள், அரைநாள் நின்றது. அடுத்து யாரோ மழை போடச் சொன்னார்கள். மழை போட்டதும் அவர் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாக நடக்கத் தொடங்கிவிட்டார், அன்று ஒரே நாளில் நான்கு அங்குலம் போனது, மழை யோசனை சொன்னது நான் இல்லை என்று அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் சொன்னார்கள்.

பத்தாம் நாள் புதன்கிழமை. அவர் ஒரு விரல் உயரத்துக்கு வந்துவிட்டார். முதல் பாடவேளை முடிந்தபிறகு வந்துசேர்ந்த ஜெபக்கனி டீச்சர், ஸ்கூட்டரைச் சுவர் முன்னாலேயே நிறுத்தினார்.

“இன்னைக்கும் கேட்டுல நாப்பது நிமிசம். மூணு ரயிலு. உங்க ஊர்ல எவரும் எதுக்கும் நிக்கமாட்டாங்க, அந்தக் கேட்டுக்கு மட்டும் நிக்கிறீங்க,” என்று சலித்துக்கொண்டவர், சொல்லிமுடித்ததும் அப்படியே சுவரைப் பார்த்தார்.

உண்மைதான். எங்கள் ஊரில் ரயில் நிற்காது, ஆனால் ரயில்வே கேட் ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவை மூடும். முகூர்த்த நேரத்துக்கு மாப்பிள்ளை கார் நிற்கும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் நிற்பார்கள், பாடை நிற்கும், பாடைக்குப் பின்னால் அழுகையும் கொஞ்சம் நின்று, கேட் திறந்தபிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். எந்த அவசரக்காரனும் அங்கே வண்டியை அணைத்துவிட்டு நின்றுதான் ஆகவேண்டும். டீச்சர் போட்டியாளர் இல்லை என்பதால் அவரே மெல்லிய தூரிகை எடுத்து, செண்பகம் பக்கத்தில் நின்று கேட் கீப்பர் அறை எந்தப் பக்கம், விளக்கு எத்தனை என்று சொல்லச் சொல்ல, சீனிராஜுக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே தண்டவாளமும் சிவப்பு வெள்ளைக் கம்பு இரண்டும் போட்டு, கேட்டை மூடினார்.

வியாழக்கிழமை காலையில் சீனிராஜ் கேட்டுக்கு இந்தப் பக்கம் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஒன்பது நாள் மாதிரி எங்கள் ஊர் சந்தோஷமாக இருந்ததில்லை. காலையில் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு நிக்கிறாரா என்று கேட்டோம். நிக்கிறாரு என்று பதில் வந்தால் அன்றைய நாள் நல்ல நாள். ஒரு ஆளை வடக்கே போகவிடாமல் நிறுத்திவிட்டோம் என்பதில் எங்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை, தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தவர்கள்போல நடந்தோம். போட்டோ கொண்டுவந்த பெண்கள் ஒருவரிடம் ஒருவர், நம்ம ஆளுகளுக்கும் இப்படி எங்கயாச்சும் ஒரு கேட்டு மூடியிருக்கும், அதான் வரலை என்று சொல்லிக்கொண்டார்கள். நடுவர்கள் வரும்போது அவர் அங்கேயே நின்றால் பெண்கள் பள்ளிக்குத்தான் முதல் பரிசு என்பதில் பூங்காத் தலைமையாசிரியருக்கே சந்தேகமில்லை.

ஆனால் அவர் திரும்பவில்லை. கேட்டில் நிற்கிறவர்கள் ரயில் வருகிற திசையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் கம்பைப் பார்ப்பார்கள், வந்த வழியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? செண்பகம் சுவரோடு ஒட்டி நின்று, அந்த விரல் உயர முதுகைத் தினமும் பார்த்தாள். அப்பா என்று மெதுவாகக் கூப்பிட்டும் பார்த்தாள். நான்காம் நாள் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் எழுந்து பையைக் கை மாற்றிக்கொண்டார். அதற்குப்பிறகு அவள் கண்டது எங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று. சீனிராஜின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், வீட்டில் அம்மா விரலிடுக்கில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தபோது செண்பகம் அதைச் சொன்னாள். அந்த வீட்டில் பல வருஷத்துக்குப்பிறகு அப்பா என்ற சொல் வந்தது அப்போதுதான்.

“அம்மா, அப்பா கழுத்து காலருக்குள்ள போயிருச்சும்மா.”

முத்துப்பேச்சியின் கை நின்றது.

“எம்புட்டு நாளா?” என்று கேட்டாள்.

“நாலு நாளா.”

முத்துப்பேச்சி பசையை உரித்து முடித்தாள், சோறு போட்டாள், தான் சாப்பிடாமல் பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் அவள் ஆபீஸ் சேலை கட்டி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, கண்மாய்க்கரைப் பக்கம் போகாமல் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நேராகச் சுவருக்கு வந்தாள். சுவர் முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் குனிந்து, மூச்சு சுவரில் படுகிற தூரத்தில் முகத்தை வைத்து, வெகுநேரம் அந்த முதுகைப் பார்த்தாள். அவளுக்கும் அந்தக் கழுத்தைத் தெரியும். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மாசங்களில், வடக்கே போகிறேன் என்று சொல்லத் தெரியாமல் சொன்ன அந்த வாரத்தில், அவள் பார்த்த கழுத்து அது.

“தொறந்து விடு,” என்றாள்.

“தொறந்தா போயிருவாரும்மா. நான் இன்னும் மூஞ்சியே பாக்கல,” என்றாள் செண்பகம்.

“நமக்காகவா நிக்கிறாரு? ரயிலுக்கு நிக்கிறாரு புள்ள. அந்தத் தண்டவாளத்துல ரயிலே வராது. எத்தன நாளைக்கு நிப்பாரு?”

செண்பகம் அழுதாள். நாங்களும் அழுதோம், மறைக்கத் தேவையில்லை. பரமசிவம் அண்ணாச்சி டேப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். செயல் அலுவலரும் அங்கேதான் நின்றார். போட்டியாளர் தூரிகையைக் கையில் எடுத்ததும் அவர் நாலு எட்டு நகர்ந்து, பக்கத்துப் பள்ளியின் பூங்காவை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்க்கத் தொடங்கினார். செண்பகம் தையல்கடையில் வைத்திருந்த மிச்சப் பெயிண்ட்டில் தூரிகையைத் தொட்டு, குறுக்கே கிடந்த இரண்டு கம்பையும் சாலை நிறத்தால் மூடி, இரண்டையும் மேலே நிமிர்த்திப் போட்டாள். ஒரு கம்பு கொஞ்சம் சாய்வாக வந்தது.

அவர் பையை எடுத்தார். போய்விடப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்போதுதான் எங்களில் யாரும் யோசித்திராதது நடந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவரும், கேட் கீப்பரே திறந்துவிட்டாலும், இரண்டு பக்கமும் பார்க்காமல் தண்டவாளத்தில் கால் வைக்கமாட்டார்கள். நடக்கப் பழகிய அன்றைக்கே அம்மா தலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டிப் பழக்கியது அது, சாகிறவரை போகாது. சீனிராஜ் எங்கள் ஊர்க்காரர். கேட்டைத் தாண்டுமுன் அவர் மெல்ல வலது பக்கம் தலையைத் திருப்பினார்.

சின்ன முள் வேகத்தில் நடக்கிறவர் இரண்டு பக்கமும் பார்க்க ஒரு முழுப் பகல் ஆனது. காலை பூராவும் வலது பக்கக் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் காது, பிறகு தாடை, பிறகு கண்ணோரம், மத்தியானத்துக்கு முன்னால் மூக்கு முழுசாகத் தெரிந்தது. புளியங்கொட்டை அளவுதான் தலை, ஆனால் சுவரோடு முகத்தை வைத்திருந்த இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. நாங்கள் எட்டவே நின்றோம். யாரும் சொல்லாமலே சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள், டீக்கடையில் ரேடியோவை அணைத்தார்கள், ஆபீஸ் வேன் வந்து ஹாரன் அடிக்காமல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது. செண்பகம் ஒரு கையால் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அம்மா பிசைந்து கொடுத்த சோற்றைச் சுவரை விட்டுக் கண்ணெடுக்காமல் வாங்கிச் சாப்பிட்டாள்.

பிற்பகலில் தலை இடது பக்கம் திரும்பியது. வெயில் இறங்கி வெளிச்சம் சுவரில் நேராக விழுந்த நேரம். காதோரத்தில் ஏதோ தெரிகிறதே என்று செண்பகம் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“அம்மா, காதோரமெல்லாம் வெள்ளையா இருக்கு. நான் கறுப்பு பெயிண்ட்தாம்மா அடிச்சேன்.”

முத்துப்பேச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஏழு வருஷமாக அவளுக்குச் சொல்லப்பட்டது எத்தனையோ. செத்துப்போனார் என்றார்கள், அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்றார்கள், ஜெயிலில் இருக்கிறார் என்றும் ஒருத்தர் சொன்னார். யாரும் வரையாத நரை அவர் தலையில் ஏறியிருந்ததை எங்களில் முன்னால் நின்ற சிலரும் பார்த்தோம். செத்தவர்களுக்கு நரைப்பதில்லை.

இருட்டுகிற நேரத்தில் தலை நேராகி, முதுகு பழையபடி முதுகானது. கழுத்து காலருக்கு மேலே வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவர் தண்டவாளத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார், எட்டு மணிக்கு ஒரு எள் அளவு இருந்தார், நடுவர்களின் ஜீப் வந்து நின்றபோது சாலை மட்டும் இருந்தது.

நடுவர்கள் மூன்று பேர். பூங்காவையும் மேம்பாலத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தவர்கள், இந்தப் படத்தின் முன்னால் மட்டும் கொஞ்சம் அதிகநேரம் நின்றார்கள். கேட்டைத் திறக்கச் செண்பகம் தூரிகை வைத்ததை, அன்றைக்குப் பார்க்காததுபோல நின்ற செயல் அலுவலர் அவரே சொல்லிவிட்டார், அவருக்கு விதி விதிதான். அதனால் பரிசு இல்லை என்பது முடிந்துபோன விஷயம், ஜெபக்கனி டீச்சரும் பிள்ளைகளும் அதை எதிர்பார்த்துத்தான் நின்றார்கள். ஆனாலும் நடுவர்களில் வயசானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, செண்பகத்தைக் கூப்பிட்டார்.

“நல்லா வரைஞ்சிருக்கீங்கம்மா. மரம் இருக்கு, டீக்கடை இருக்கு, கேட்டும் தொறந்திருக்கு. இம்புட்டு நல்ல ரோட்டுல ஏன் ஒருத்தரும் இல்ல?”

“இருந்தாரு சார். இப்பதான் போனாரு,” என்றாள் செண்பகம்.

“யாரும்மா?”

செண்பகம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். பெண்கள் கூட்டத்தில் பின்னால் நின்ற முத்துப்பேச்சி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எங்க வீட்டுக்காரரு சார்,” என்றாள். “தலைதான் நரைச்சிருச்சு. மத்தபடி நல்லாத்தான் இருக்காரு.”